சாவு வீட்டு மருமகள்

முஃபாரோ செத்துப்போனான் என்பதை மேட்ரன் டூபே காலை ஜெபத்துக்கும் கஞ்சிக்கும் நடுவில் செருகிச் சொன்னார். "சிறிது காலம் சுகவீனமாக இருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்" என்று அவன் வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்களாம். பதினெட்டு வயதுப் பையனுக்கு என்ன சுகவீனம் என்று அந்த மேஜையைச் சுற்றியிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அதே சுகவீனத்துக்குத்தான் அவர்கள் எல்லோரும் அங்கே வந்து கிடந்தார்கள். ஷமீசோ தன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துச் சுவரில் அடித்தாள்.

கிண்ணம் தகரம், உடையவில்லை. அது உடையாததும் அவளுக்குக் கோபமாக இருந்தது. மேட்ரன் துணியைக் கொடுத்து அவளையே துடைக்கச் சொன்னார். சுவரைத் துடைத்துக்கொண்டே, நான் சாவுக்குப் போக வேண்டும் என்றாள் ஷமீசோ. கேட்கவில்லை, சொன்னாள்.

முத்தாரே நகரத்தைத் தாண்டி, பழைய புகையிலைப் பண்ணை ஒன்றின் வீட்டில் நடந்தது அந்த மறுவாழ்வு இல்லம். பிள்ளைகள் 'கல்' என்று சொல்கிற, கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிற அந்தச் சனியனைப் புகைத்துப் புகைத்துப் பல்லும் தூக்கமும் போனவர்களை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். ஷமீசோவுக்கு வயது பதினேழு. அவள் வீட்டில் முதலில் காணாமல் போனது பல்புகள். பல்பின் அடியை உடைத்துத்தான் கல்லைப் புகைப்பார்கள். பிறகு காணாமல் போனது அம்மாவின் பாத்திரங்கள், பிறகு அம்மாவின் பேச்சு. இங்கே கொண்டுவந்து விட்டவள் அதன்பின் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதற்காக அவள் மேல் இருந்த கோபத்தை ஷமீசோ தினமும் பல் தேய்க்கும்போது எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்துக்கொள்வாள்.

முஃபாரோ அப்படியில்லை. அவனுக்குக் கோபமே வராது, ஆள்களைப் போலச் செய்து காட்டத்தான் வரும். மேட்ரன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதை, சமையல்காரர் தன் பெண்டாட்டியிடம் போனில் பொய் சொல்வதை, ஷமீசோ முறைப்பதை எல்லாம் செய்வான். காலையில் எல்லோரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத் தங்கள் கதையைச் சொல்வது அங்கே வழக்கம். உனக்கு முதன்முதலில் கல்லைக் கொடுத்தது யார் என்று கேட்டபோது முஃபாரோ பேர் சொல்லவில்லை. எழுந்து நடந்தான். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, ஆள்காட்டி விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றி, பட்டென்று உள்ளங்கையில் பிடித்து, அதே கையைப் பக்கத்தில் இருந்த பையனின் பிடரியில் வைத்தான். சந்தையில் கோழியை எடை பார்ப்பதுபோல் லேசாக அழுத்தினான். "முதல்ல வாங்கிக்கோ மகனே. உனக்கும் எனக்கும் நடுவுல காசு என்ன காசு" என்றான், நெய் வடிகிற குரலில்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யார் அது என்று மேட்ரன் திரும்பத் திரும்பக் கேட்டார். "பேர் சொன்னா எங்க வீட்டுப் பானைல மாவு இருக்காது மேட்ரன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அன்று மத்தியானம் பாத்திரம் கழுவும்போது ஷமீசோவிடம் இன்னும் கொஞ்சம் சொன்னான். அந்த ஆளுக்கு மாவு மில் இருக்கிறது. தெருவே அவனிடம் கடனுக்கு மாவு வாங்குகிறது. தனக்கு நடந்தது நடந்துவிட்டது, ஆனால் தங்கை நெட்சாய் அந்த மில் பக்கம் போகக் கூடாது. அவளுக்குப் பதினான்கு வயது, வகுப்பில் முதல் ஆள். நான் இல்லாவிட்டால் நீயாவது அதைப் பார்த்துக்கொள் என்றான்.

"எனக்கென்ன தலையெழுத்து? நான் என்ன உன் வீட்டு மருமகளா?" என்றாள் ஷமீசோ.

"ஆமா. இன்னையிலேர்ந்து" என்றான்.

அதற்குப்பிறகு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கம்மாவோட மருமகளே, உப்பை எடு. எங்கம்மாவோட மருமகளே, தள்ளி உட்காரு. அவளும் முறைத்துக்கொண்டே உப்பை எடுத்துக் கொடுப்பாள்.

அவன் தேறிக்கொண்டுதான் வந்தான். அதற்குள் அவர்கள் சபைத் தீர்க்கதரிசிக்குத் தரிசனம் கிடைத்துவிட்டது. பையனைப் பிடித்திருந்த ஆவி இறங்கிவிட்டதாம், இனி அவன் பாவிகள் நடுவே இருக்கக் கூடாதாம். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி அழைத்துப்போக வந்தார்கள். யாரோ நல்ல மனிதர் வண்டி கொடுத்து உதவியிருந்தாராம். வாசலில் நின்ற அந்த வெள்ளை வண்டியைப் பார்த்ததும் முஃபாரோவின் முகத்தில் எதுவுமே இல்லாமல் போனதை ஷமீசோ பார்த்தாள். வாரம் முடியவில்லை, செத்துப்போனான்.

சாவுக்கு யாராவது போகத்தான் வேண்டும் என்று மேட்ரனே கிளம்பினார், ஷமீசோவையும் அழைத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை. வட்டத்தில் கேட்டது வட்டத்தோடு. அந்த வீட்டில் நீ வாயைத் திறந்தால் இங்கே உன் கட்டில் இல்லை. ஷமீசோ சரி என்றாள். போவதற்காக அவள் எதற்கும் சரி என்றிருப்பாள்.

முஃபாரோவின் ஊரான சகூப்வாவில் அவர்கள் போய் இறங்கியபோது விடிந்து வெகுநேரமாகியிருந்தது. ஆண்கள் வெளியே இரவு எரித்த கட்டைகளின் சாம்பலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே பெட்டியைச் சுற்றிப் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போயிருந்தார்கள். பகலிலும் அந்த அறை இருட்டு, மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். கரண்டு சரியில்லை என்று ஒரு பெண் கேட்காமலே சொன்னாள். ஷமீசோ அண்ணாந்து பார்த்தாள். கூரையில் பல்பு மாட்டும் ஹோல்டர் காலியாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அந்த வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

பெட்டி மட்டும் பளபளவென்று இருந்தது. தேக்கு நிறம், பித்தளைக் கைப்பிடிகள், உள்ளே வெள்ளைப் பட்டு. அந்த வீட்டில் இருந்த எல்லாச் சாமானையும் விற்றாலும் அந்தப் பெட்டியின் மூடி வந்திருக்காது. பக்கத்தில் முஃபாரோவின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஷமீசோ கைகுவித்துத் தட்டி வணங்கிவிட்டு, அவனோடு இல்லத்தில் இருந்தவள் என்று சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவளுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

வெளியே குடும்பத்தின் சார்பில் பேசிக்கொண்டிருந்தார் முஃபாரோவின் பெரியப்பா. தகப்பன் இல்லாத வீட்டுக்கு அவர்தான் வாய். நெஞ்சுவலி என்றார், தேவசித்தம் என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்தக் குடும்பத்துக்குக் கர்த்தர் ஒரு மனிதரைக் கொடுத்திருக்கிறார் என்று ஆரம்பித்தார். பிள்ளையை இல்லத்திலிருந்து அழைத்துவர வண்டி கொடுத்தவர் ஜெக்கோனியா. இந்தப் பெட்டியைக் கொடுத்தவர் ஜெக்கோனியா. கல்லறைக்குப் போகவும் அவர் வண்டிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நெட்சாயின் படிப்பை அவரே ஏற்றுக்கொள்கிறார். அடக்கம் முடிந்ததும் பிள்ளை அவரோடு போய், அவர் வீட்டிலேயே தங்கிப் படிக்கும். சாயந்தரம் மில்லில் கணக்குப் பார்க்க ஒத்தாசையாக இருக்கும்.

ஆண்கள் கைகளைக் குவித்து நன்றிக்குத் தட்டினார்கள். அந்தத் தட்டலுக்கு நடுவே ஷமீசோவுக்கு இன்னொரு சத்தம் கேட்டது. சாவிக்கொத்து சுழன்று, பட்டென்று உள்ளங்கையில் விழுந்த சத்தம்.

திரும்பினாள். வெள்ளை வண்டியில் சாய்ந்துகொண்டு ஒருவர் நின்றார். அவரை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் அந்த வயிற்றைத் தெரியும், அந்த விரலைத் தெரியும். அவர் பக்கத்தில் புதுக் கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள், முஃபாரோவின் அதே நெற்றி. அவர் சாவி பிடித்த கையை அவள் பிடரியில் வைத்து லேசாக அழுத்தினார்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்கள் உண்டு. இவன் பிள்ளையைக் கொன்றுவிட்டுத் தொட்டிலையும் வாங்கிக் கொடுத்து, அடுத்த பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகிறான், அதற்கு ஊர் கைதட்டுகிறது.  சுவரில் அடிக்க இப்போது ஷமீசோவின் கையில் கிண்ணம் இல்லை.

பின்கட்டில் அடுப்பில் முஃபாரோவின் அண்ணி, டாடிவா அம்மா, பெரிய அண்டாவில் சட்ஸா என்கிற சோளமாவுக் களியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் மூத்த மருமகள் அவள். அந்த ஊர்ச் சாவு வீட்டில் மருமகள்களுக்குத்தான் வாய். செத்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே நடந்து இருமிப் பேசி, அழுகிறவர்களைச் சிரிக்கவைத்து, சிரிக்கிறவர்களை அழவைத்துத்தான் பிணத்தை வாசல் தாண்ட விடுவார்கள். யாரைக் கிண்டல் செய்தாலும் அவர் சிரித்துக்கொண்டே மருமகளின் தட்டில் ஏதாவது போட வேண்டும். கோபப்பட்டால் சாவைக் கெடுத்தவன் என்று பேர் வரும். இங்கே அந்தக் கூத்தின் சத்தமே இல்லை.

"ஏங்க்கா, இந்த வீட்டு மருமகளுங்க ஏன் சும்மா இருக்கீங்க?" என்று கேட்டாள் ஷமீசோ.

பெரியப்பா வேண்டாம் என்றுவிட்டாராம். சின்னப் பையன் சாவு, சபை பார்க்கும், கூத்து கூடாது என்றாராம். ஷமீசோ குரலைத் தாழ்த்தி, முஃபாரோ செய்து காட்டிய அந்த ஆளைப் பற்றி ஆரம்பித்தாள். டாடிவா அம்மா துடுப்பை நிறுத்தாமலே அவளை வெட்டினாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற? இந்த அண்டால வேகுற மாவு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிற? போம்மா, அந்தப் பக்கம் போ."

போனாள். கக்கூஸ் பக்கம் போய் நின்றபோது கம்பளித் தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் பின்னாலேயே வந்தான். சற்றுமுன் வெள்ளை வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன். இல்லத்திலிருந்து வந்த பெண் நீதானே என்று கேட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து எதையோ வைத்து மூடினான். "பெரியவர் குடுக்கச் சொன்னாரு. துக்கமா இருக்கும்ல" என்றான்.

அவன் போனபிறகும் அவள் கையைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தின் அளவு அவள் உள்ளங்கைக்கு அம்மாவின் முகத்தைவிட நன்றாகத் தெரியும். வாயில் எச்சில் ஊறியது. பல் கூசியது. ஒரே ஒரு இழுப்பு, பிறகு இந்தப் பெட்டி, இந்த ஷூ, இந்தக் கைதட்டல் எதுவும் கிட்டே வராது. வேண்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. அப்படி வேண்டியிருந்ததற்காகத் தன்னையே அறையலாம் போலவும் இருந்தது. எறிந்துவிடலாம் என்று கையை ஓங்கினாள், விரல்கள் விரியவில்லை.

அவள் அப்படி நிற்கும்போதுதான் டாடிவா அம்மா வந்தாள். கையில் முஃபாரோவின் நீல ஜாக்கெட்டும் அவன் கால்சட்டையும் இருந்தன. ஷமீசோவின் மூடிய கையைப் பார்த்தாள், அது என்ன என்று கேட்கவில்லை.

"என்னால முடியாது. எனக்குப் பிள்ளை இருக்கு, நாளைக்கும் அந்த ஆள்கிட்டதான் மாவுக்குப் போய் நிக்கணும். நீ வெளியூர்க்காரி. ஆனா மருமக இல்லாதவ இதைப் போட்டா செருப்பால அடிப்பாங்க."

"அவன் என்னை மருமகன்னுதான் கூப்பிடுவான்" என்றாள் ஷமீசோ.

"எப்ப?"

"தினமும். உப்புக் கேக்கும்போது."

டாடிவா அம்மாவின் முகம் ஒரு கணம் கோணிக்கொண்டது. தன் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து ஷமீசோவின் இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"அப்ப நீ இந்த வீட்டு மருமக. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. இனிமே உன்னைச் செத்தவன் பொண்டாட்டின்னுதான் ஊரு சொல்லும்."

"சொல்லட்டும்."

பெட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தபோது, வாசலை மறித்துக்கொண்டு நீல ஜாக்கெட்டில் ஒருத்தி நின்றாள். ஒரு கையில் எனாமல் தட்டு, மறு கை மூடியிருந்தது. பெரியப்பா யார் இந்தப் பெண், தள்ளு அவளை என்று கத்தினார். அதற்குள் பின்கட்டிலிருந்து டாடிவா அம்மா குலவையிட்டாள். மற்ற மருமகள்களும் சேர்ந்துகொண்டார்கள். மருமகள்கள் குலவையிட்டுவிட்டால் பெரியப்பா என்ன, பெரியப்பாவின் அப்பா வந்தாலும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். மேட்ரன் டூபே பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்றார். ஷமீசோ அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நடந்தாள். தட்டைக் கக்கத்தில் இடுக்கி, இளைத்த உடம்பில் கால்சட்டை நிற்காததுபோல் மூடிய கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒவ்வொரு நாலடிக்கும் முழங்கையைச் சொறிந்துகொண்டு நடந்தாள். இல்லத்துக்கு வந்த புதிதில் அவன் நடந்த நடை அது.  "அண்ணன்" என்று முதலில் நெட்சாய்தான் சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். உடனே கிழவிகள் சிரித்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். முஃபாரோவாக ஷமீசோ தீர்க்கதரிசியைப் போலக் கண்ணை மேலே செருகினாள். மேட்ரனைப் போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். வாசல் வழியாக உள்ளே கூரையில் தெரிந்த காலி ஹோல்டரை அண்ணாந்து பார்த்து, "அம்மா, கரண்டு சரியில்லம்மா" என்றாள் அவன் குரலில். சிரிப்பு பாதியில் நின்றது.

நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு அவனை மண்ணில் தள்ளப் பார்த்தவர்கள் முன்னால், அவன் செத்தவிதம் எழுந்து நடந்துகொண்டிருந்தது. ஷமீசோ வயிற்றை முன்னால் தள்ளினாள். ஆள்காட்டி விரலை நீட்டிச் சுழற்றினாள். விரலில் சாவி இல்லை. வெறும் விரல்தான். அது சுழன்று முடிவதற்குள், உள்ளங்கை மூடுவதற்குள், அத்தனை தலைகளும் வெள்ளை வண்டிப் பக்கம் திரும்பின.

அத்தனையும். பெரியப்பாவின் தலை, சபைப் பெண்களின் தலை, சாம்பலைச் சுற்றி உட்கார்ந்து கைதட்டிய ஆண்களின் தலை. ஒருவர்கூட யாரைச் செய்கிறாள் என்று பக்கத்து ஆளைக் கேட்கவில்லை.

ஷமீசோ போய் நெட்சாயின் பிடரியில் கையை வைத்தாள். "முதல்ல வாங்கிக்கோ மகளே. உனக்கும் எனக்கும் நடுவுல காசு என்ன காசு" என்றாள் அந்த நெய்க் குரலில். பெண்ணின் கழுத்து கைக்கு அடியில் விறைத்தது. அதற்குப்பிறகு தட்டைக் கையில் எடுத்து, மூடிய கையை அதன்மேல் கொண்டுபோனாள். இந்த முறை விரல்கள் விரிந்தன. பொட்டலம் எனாமல் தட்டில் விழுந்தது.

தட்டை நீட்டிக்கொண்டு ஜெக்கோனியாவின் முன்னால் போய் நின்றாள். கிண்டலுக்கு ஆளானவர் சிரிக்க வேண்டும், போட வேண்டும். அவர் சிரித்தார். நல்லாச் செய்யுது பொண்ணு என்றார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துத் தட்டுக்குக் கொண்டுவந்தவர், உள்ளே கிடந்ததைப் பார்த்தார். கை அங்கேயே நின்றது. கம்பளித் தொப்பிக்காரன் வண்டிக்குப் பின்னால் நழுவினான்.

"வேண்டாம் மாமா. உனக்கும் எனக்கும் நடுவுல காசு என்ன காசு" என்றாள் ஷமீசோ, முஃபாரோவின் சொந்தக் குரலில்.

அவர் மறுபடியும் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. "எவளோ கஞ்சிக்குச் செத்த போதைக்காரி, அவ சொல்றதைக் கேட்டுக்கிட்டு" என்று பெரியப்பாவைப் பார்த்து ஆரம்பித்தார். மருமகளிடம் கோபப்பட்டுவிட்டார் என்பது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

நிலைப்படியில் பெட்டிக்குப் பின்னால் முஃபாரோவின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இரவெல்லாம் பாடியதில் குரலே இல்லை, காற்றுதான் வந்தது. ஆனால் அவ்வளவு அமைதியில் காற்றே போதுமாக இருந்தது.

"நெட்சாய். அந்த ஷூவைக் கழட்டு."

பெண் குனிந்து கழற்றினாள். கொண்டுபோய் வண்டியின் முன்பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.

"பிள்ளையை வண்டில ஏத்த வேண்டாம். தூக்கிட்டுப் போவோம்" என்றாள் அம்மா.

கல்லறை தூரம், வெயில் ஏறிவிட்டது, சொன்ன சொல் என்ன ஆவது, பெரிய மனிதரை அவமதிக்கலாமா என்று பெரியப்பா பேசிக்கொண்டே போனார். அந்த அம்மா படியில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். பெட்டி அவள் பின்னால் போயிற்று. பெட்டியும் ஜெக்கோனியா கொடுத்ததுதான். அதை மட்டும் யாராலும் கழற்றி வைக்க முடியவில்லை. மகன் அதற்குள் படுத்திருந்தான்.

எல்லோரும் நடந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பேர்தான் நடந்தார்கள். மீதிப் பேர் முழங்கால் வலி என்றும் குழந்தை இருக்கிறது என்றும் சொல்லி வெள்ளை வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஜெக்கோனியா அவர்களை ஏற்றிக்கொண்டுதான் வந்தார். மறுநாள் மில் ஓடும், வாசலில் வரிசை நிற்கும், டாடிவா அம்மா பையோடு அதில் நிற்பாள். இது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மேட்ரன் ஷமீசோவின் பக்கத்தில் வந்து நடந்தார். தட்டிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டார். இது எவ்வளவு நேரமாக உன் கையில் இருந்தது என்று கேட்டார். ஷமீசோ சொன்னாள்.

"நீ எனக்கு என்ன வாக்குக் குடுத்த?"

"நான் யார் பேரையும் சொல்லலையே மேட்ரன்."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, சாயந்தரம் சோதனை செய்ய வேண்டும், அது சுத்தமாக இருந்தால் கட்டிலைப் பற்றிப் பேசலாம் என்றார். கூடவே நடந்தார்.

ஷமீசோவுக்கு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. வரும்போது இருந்ததைவிட இப்போதுதான் வயிறு எரிந்தது. அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பாள்.

வெறுங்காலோடு நெட்சாய் அவளை எட்டிப் பிடித்தாள். சூடான தார் ரோட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீ விரலைச் சுத்தினப்ப எல்லாரும் அந்த ஆள் பக்கம் திரும்பினாங்க. பாத்தியா?"

"பாத்தேன்."

"பெரியப்பாவும் திரும்பினார்."

"ஆமா."

"அப்ப அண்ணனைக் கூட்டிட்டு வர அந்த வண்டியை அனுப்பும்போதும் அவருக்குத் தெரியும்."

 பதினான்கு வயதுப் பெண், வகுப்பில் முதல் ஆள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

 நெட்சாய் வேகமாக நடந்து, நடக்கிற பெண்களைத் தாண்டி, பாடுகிறவர்களைத் தாண்டி, தன் முறைக்குப் பெட்டியின் முன்கைப்பிடியை வாங்கிப் பிடித்துக்கொண்டு வியர்த்துவிறுவிறுத்துப் போய்க்கொண்டிருந்த பெரியப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். அந்த ஊரில் பெண்பிள்ளைகள் பெட்டி தூக்குவதில்லை.

"நீங்க விடுங்க பெரியப்பா" என்றாள். "நான் தூக்கறேன்."

அவர் அவளைப் பார்த்தார். சுற்றி யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.